கணக்குத் தொடங்காமல் கிட்டில் புரோகிராம் கோடு எடுக்க எந்த வழி? நான்கையும் ஓட்டிப் பார்த்தேன்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாக வந்தால் என் கடை. முன் அறையில் ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழிலும் மலையாளத்திலும் டி.டி.பி. பின் அறையில் ஐந்து பழைய கணினிகள். சாயங்காலமானால் கல்லூரிப் பிள்ளைகள் வந்து அவற்றில் பழகுவார்கள். பாலக்காடு மாவட்டம்தான், ஆனாலும் சித்தூர் தாலுகாவின் இந்தக் கோடியில் என் கடைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள். வேலந்தாவளம் வரை பைக்கில் போனால் போதும், போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனி மாதக் காற்று ஷட்டரைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பின் அறையிலிருந்து என் அக்கா மகள் கூப்பிட்டாள்.

"மாமா, கால் மணி நேரமா அப்படியே நிக்குதுங்க. நெட் போயிருச்சுங்களா?"

நெட் போகவில்லை. அவள் கையில் சீனியர் யாரோ கொடுத்த பழைய பயிற்சித் தாள் ஒன்று. அதில் இருந்த 'கிட் குளோன்' கட்டளையைப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். கிட் என்பது புரோகிராம் கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி, அதில் கோட்டை மொத்தமாக நகலெடுத்து இறக்குவதுதான் குளோன். அப்படிப்பட்ட கோட்டை வைத்துக்கொடுக்கும் கிட்ஹப் தளத்தின் முகவரி சரிதான். ஆனால் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். இருக்க வேண்டிய இடத்தில் 'கிட்' என்றே இருந்தது. அந்தக் கதவை கிட்ஹப் 2022 மார்ச் 15-இல் நிரந்தரமாக அடைத்துவிட்டது. அதற்கு முன் ஜனவரி 11-இல் ஒத்திகை மாதிரிக் கொஞ்ச நேரம் நிறுத்தியும் காட்டினார்கள். தாளை அச்சடித்தவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அந்த ஒரு சொல் மாறினால் வேலை முடிந்தது. ஆனால் அவள் விடவில்லை. "ஏன் மூடினாங்க? இதுக்குப் பாஸ்வேர்டே வேண்டாமே, யார் வேணும்னாலும் எடுக்கிற கோடுதானே? இதுல திருட என்ன இருக்குதுங்க?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதற்குச் சரியான பதில் தேவைப்பட்டது. காரணம், நானும் ஒரு சின்னக் களஞ்சியம், அதாவது கிட்டில் வைத்த கோட்டுத் தொகுப்பு, வைத்திருக்கிறேன். பாமினி, டாப், டாம் என்று பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் அது. இருபது வருட டி.டி.பி. வேலையில் சேர்ந்த அழுக்கைத் துடைக்க எழுதியது. பொள்ளாச்சியிலும் சித்தூரிலும் இதே தொழிலில் இருக்கும் நாலைந்து பேர் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அவர்களிடம் போய் "முதலில் ஒரு கணக்குத் தொடங்குங்கள், உள்ளே நுழைய டிஜிட்டல் சாவியாக ஒரு கீ உருவாக்குங்கள்" என்றால் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெயர் கேட்காமல் கொடுக்க வேண்டும். இதைத்தான் இந்தத் துறையில் அனானிமஸ் அணுகல் என்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அனானிமஸ் என்றதும் முகமூடி போட்டுக்கொண்டு உலாவுவது என்று சிலர் நினைக்கிறார்கள். இது அது இல்லை. சர்வர் உங்கள் பெயரைக் கேட்காது, அவ்வளவுதான். உங்கள் ஐ.பி. எண் அதன் பதிவேட்டில் விழத்தான் செய்யும். எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் சொல்லும் உதாரணம் கள்ளுக்கடை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கள் குடிப்பவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. அதற்காக ஊற்றிக் கொடுப்பது அசல் கள்ளா, மாவு கலக்கியதா என்று குடிப்பவர் பார்க்காமல் இருக்க முடியுமா? வாங்குகிறவன் யாரென்று தெரிய வேண்டாம். விற்கிறவன் யாரென்று தெரிந்தே ஆக வேண்டும். என் அக்கா மகளுக்கு இது புரிந்தது. ("உதாரணத்துக்கு இளநீர்க் கடை சொல்லியிருக்கலாமே" என்று அக்கா கோபித்துக்கொண்டது தனிக் கதை.)

சரி, வாயால் சொல்வதைவிட ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, டெபியன் போட்ட பழைய மேசைக் கணினி ஒன்றில் என் களஞ்சியத்தை 'கிட்' நெறிமுறை, எச்.டி.டி.பி., எஸ்.எஸ்.எச்., எச்.டி.டி.பி.எஸ். என்று நான்கு வழிகளிலும் திறந்து வைத்தேன். இன்னொரு கணினியிலிருந்து குளோன் செய்வது, நடுவில் கம்பியில் என்ன போகிறது என்று வயர்ஷார்க்கில் பார்ப்பது. ஒரு வாரம் கடை மூடிய பிறகு இதே வேலை.

முதலில் 'கிட்' நெறிமுறை (நெறிமுறை என்றால் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் முறை). இதைத் தொடங்கி வைப்பதுபோல் சுலபம் வேறெதுவும் இல்லை. 'கிட் டீமன்' என்ற கட்டளை, எந்தக் கோப்புறையைக் காட்டலாம் என்று ஒரு வெற்றுக் கோப்பு, 9418 என்ற போர்ட்டு (சர்வரின் வாசல் எண்). சர்வர் யாரென்று நிரூபிக்கும் சான்றிதழ் இல்லை, வெப் சர்வர் இல்லை. வேகமும் நன்று, பழைய இயந்திரத்துக்கு மூச்சே வாங்கவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை எழுதிய காலத்தில் இது ஏன் எல்லோருக்கும் பிடித்தது என்பது ஓட்டிப் பார்த்தால் புரிகிறது.

அப்புறம் வயர்ஷார்க்கைத் திறந்து காட்டினேன். முதல் பொட்டலத்திலேயே நான்கு எழுத்தில் நீளம், அதன் பின்னால் 'கிட் அப்லோட் பேக்', அதன் பின்னால் என் களஞ்சியத்தின் பாதை, சர்வரின் பெயர். எல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் படிக்கும் செய்தித்தாள் மாதிரித் திறந்து கிடக்கிறது. அடுத்த பொட்டலங்களில் என் கிளைகளின் (கோட்டின் தனித்தனிப் பாதைகளின்) பெயர்கள். அதில் ஒன்றுக்கு நான் அவசரத்தில் 'பாமினி-நாசமாப்போச்சு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தேன். அது அப்படியே திரையில் வந்து நின்றது. அவள் சிரித்த சிரிப்பு முன் அறை வரைக்கும் கேட்டது. கோடு சுருக்கப்பட்டு வருவதால் கண்ணால் படிக்க முடியாது, ஆனால் அது பூட்டு இல்லை. யாரும் விரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டுக்கேட்பது போகட்டும், எப்படியும் பொதுக் கோடுதானே. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மறுமுனையில் இருப்பது என் சர்வர்தானா என்று இந்த நெறிமுறை ஒரு தரம்கூடக் கேட்பதில்லை. நடுவில் இருக்கும் ரூட்டரோ, பொது வைஃபை வைத்திருப்பவரோ நான்தான் அந்த சர்வர் என்று சொல்லிக்கொண்டு வேறு கோட்டைக் கொடுத்தால், வாங்கிக்கொண்டு 'முடிந்தது' என்று சொல்லிவிடும்.

"அதுக்குத்தான் ஹேஷ் இருக்குதுங்களே மாமா?"

இருக்கிறது. கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது சேமித்த ஒவ்வொரு மாற்றத்துக்கும், ஹேஷ் என்று நாற்பது எழுத்தில் ஒரு அடையாளம் உண்டு. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும், அதன் பின்னால் வந்த கமிட்டுகளின் அடையாளமும் மாறிவிடும். ஆனால் 'முதன்மைக் கிளையின் இன்றைய ஹேஷ் இது' என்ற தகவல் எந்த வழியாக வருகிறது? அதே கம்பி வழியாகத்தான். பொய் சொல்பவன் கோட்டையும் மாற்றி, அந்தக் கோட்டுக்குப் பொருத்தமான ஹேஷையும் சேர்த்தே கொடுப்பான். எல்லாம் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும். ஹேஷை வேறு நம்பகமான இடத்திலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்தால், அல்லது ஒரு பதிப்புக்கு ஆசிரியர் கையொப்பமிட்டு ஒட்டிய பெயர்ச்சீட்டான டேகைச் சரிபார்த்தால், கம்பி எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கவலையில்லை. அப்படிச் சரிபார்க்கும் ஆளை என் கடைக்கு வருகிறவர்களில் இன்னும் நான் பார்க்கவில்லை. ஷா-1 என்ற அந்த ஹேஷ் முறைக்கே 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையம் ஒன்றும் சேர்ந்து மோதலை, அதாவது இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹேஷை, உருவாக்கிக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த கிட் பதிப்புகள் அந்த வகை மோதலைக் கண்டுபிடித்து நிறுத்துகின்றன. அதனால் நான் அதைப் பற்றித் தூக்கம் கெடுப்பதில்லை.

வீட்டுக்குள், ஒரே சுவிட்சில் மாட்டிய இரண்டு கணினிகளுக்கு இடையே என்றால் 'கிட்' நெறிமுறைக்குப் பத்துக்கு எட்டு. வெளி உலகத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் வேகத்துக்காக. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த டீமனில் எழுதும் அனுமதியையும் திறந்துவிட ஒரு வழி உண்டு. இயல்பாக அது மூடித்தான் இருக்கும். 'வேலை சுலபமாகுமே' என்று அதைத் திறந்தால், போகிற வருகிறவர்கள் எல்லாம் உங்கள் கோட்டில் எழுதலாம்.

பூட்டில்லாத எச்.டி.டி.பி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'கிட்' நெறிமுறையின் குறை எல்லாம் இதிலும் உண்டு. கூடவே ஒரு தொல்லை: நடுவில் இருப்பவர்களுக்கு இதில் கை வைத்துப் பழக்கம் அதிகம். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து இணைய இணைப்புக்காரர் ஒருவர், பூட்டில்லாத பக்கங்களின் அடியில் தன் விளம்பரத்தைச் செருகிக்கொண்டிருந்தார். கேட்டால் "அது தானா வருதுங்க" என்றார். இன்னொரு முறை, ஒரு லாட்ஜ் வைஃபையில் குளோன் செய்யப் போனேன். 'இது கிட் களஞ்சியம்தானா?' என்று கிட் என்னையே திருப்பிக் கேட்டது. பார்த்தால், என் சர்வரின் பதிலுக்குப் பதிலாக லாட்ஜின் லாகின் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது வெறும் லாகின் பக்கம். ஒழுங்காகத் தயாரித்த போலிக் களஞ்சியம் வந்திருந்தால் கிட் கேள்வியே கேட்டிருக்காது. ஒன்றுக்கு மேல் மதிப்பெண் இல்லை.

பூட்டிய கம்பி வழியாக இன்னொரு கணினிக்குள் நுழையும் முறையான எஸ்.எஸ்.எச். பற்றி எனக்கு இரண்டு மனது.

பாதுகாப்பு என்றாலே எஸ்.எஸ்.எச். என்று பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது. அதனால் கிட்ஹப் பக்கத்தில் மூன்று வகை முகவரி இருந்தால், நேராக 'கிட்' என்ற பயனர் பெயரோடு அட் குறி போட்ட முகவரியை நகலெடுக்கிறார்கள். உடனே 'அனுமதி மறுக்கப்பட்டது, பப்ளிக் கீ' என்று வந்து நிற்கும். கிட்ஹப்பில் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே போக, கோடு பொதுக் கோடாகவே இருந்தாலும், கணக்கும் கீயும் வேண்டும். பெயர் சொல்லாத ஆளுக்கு அந்த வழியே கிடையாது. வாரத்துக்கு ஒருவராவது இந்தப் பிழைச் செய்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதைவிடத் தந்திரமான வகை ஒன்று உண்டு. முதன்மைக் களஞ்சியம் எச்.டி.டி.பி.எஸ். வழியாக ஒழுங்காக இறங்கிவிடும். அதற்குள் இணைத்திருக்கும் இன்னொரு களஞ்சியமான சப்மாடியூலின் முகவரியை எழுதியவர் தன் வசதிக்கு எஸ்.எஸ்.எச். என்று எழுதி வைத்திருப்பார். பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு கிட் அமைப்பில் 'இன்ஸ்டெட்ஆஃப்' என்று ஒரு வசதி இருக்கிறது. இந்த மாதிரித் தொடங்கும் முகவரியை எங்கே பார்த்தாலும் அதற்குப் பதிலாக எச்.டி.டி.பி.எஸ். முகவரியை வைத்துக்கொள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பழைய 'கிட்' முகவரிகளுக்கும் இதே மருந்துதான். பின் அறைக் கணினிகள் ஐந்திலும் இதைப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் எஸ்.எஸ்.எச். வழியாகப் பெயர் கேட்காமல் கொடுப்பது முடியாத காரியம் இல்லை. ஓப்பன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத் திட்டம் 1995-இலேயே, கிட்டுக்கு முந்தைய கருவியான சி.வி.எஸ்-ஸில் இருந்த தன் களஞ்சியத்தைப் பொதுமக்கள் படிக்கத் திறந்துவிட்டது. அதற்கென்றே 'அனான்சிவிஎஸ்' என்று ஒரு பயனர் பெயர், கடவுச்சொல் கிடையாது, கம்பி பின்னாளில் எஸ்.எஸ்.எச். அந்தக் காலத்தில் மற்றவர்கள் சி.வி.எஸ்-ஸைப் 'பிசர்வர்' என்ற முறையில் 2401-ஆம் போர்ட்டில் பூட்டே இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடவுச்சொல்லையும் அதில் எழுத்து மாற்றித்தான் அனுப்பும், பூட்டி அனுப்பாது. அந்த வரலாற்றைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்து, என் இயந்திரத்தில் 'விருந்தாளி' என்று ஒரு கணக்கு தொடங்கி, கிட் கட்டளைகளை ஏற்கும் 'கிட் ஷெல்' மட்டும் ஓடும்படி கட்டிப்போட்டேன். குளோன் அருமையாக வந்தது. இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். மூன்றாம் நாள்தான் ஞாபகம் வந்தது: ஷெல்லைக் கட்டினேனே தவிர, போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்தவில்லை. அதாவது அந்த விருந்தாளிக் கணக்கு வழியாக யாரும் என் இயந்திரத்தைக் குழாயாக வைத்துக்கொண்டு வேறு எங்கோ போய் வரலாம். பார்ப்பவர்களுக்கு அது என் முகவரியிலிருந்து வந்த மாதிரி இருக்கும். நல்ல வேளை, அது கடைக்குள் இருந்த இயந்திரம். உடனே அந்த அனுமதியை அணைத்தேன். பெயர் தெரியாதவர்களுக்கு எஸ்.எஸ்.எச். கொடுப்பதென்றால் இப்படிப்பட்ட ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தேடி அடைக்க வேண்டும்.

எடுப்பவர் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் முறை போகும்போது 'இந்த சர்வரின் உண்மைத்தன்மையை உறுதி செய்ய முடியவில்லை, தொடரலாமா?' என்று கேட்டு, ஷா256 என்று தொடங்கும் நீண்ட கைரேகை ஒன்றைக் காட்டும். என் கடையில் இதுவரை அதைப் படித்துவிட்டு 'யெஸ்' தட்டியவர் ஒருவர்கூட இல்லை. நான் உட்பட. அந்த இடத்தில் 'யெஸ்' தட்டுவதற்குப் பதில், திட்டத்தின் வலைப்பக்கத்திலிருந்து கைரேகையை நகலெடுத்து அங்கேயே ஒட்டலாம். பொருந்தினால் மட்டும் உள்ளே விடும். கிட்ஹப் 2023 மார்ச் 24-இல் தன் சர்வரை அடையாளம் காட்டும் ஆர்.எஸ்.ஏ. ஹோஸ்ட் கீயையே மாற்ற வேண்டி வந்தது. அதன் ரகசியப் பாதி பொதுக் களஞ்சியம் ஒன்றில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதாம். அந்தப் பழைய ஆர்.எஸ்.ஏ. கீயைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையைப் பார்த்த என் மாணவன் ஒருவன் செய்த முதல் காரியம், பழைய கீ இருந்த வரியை அழித்துவிட்டு மறுபடி 'யெஸ்' தட்டியதுதான். கைரேகையைப் பார்க்கும் வழக்கம் இருந்தால் எஸ்.எஸ்.எச்-சுக்கு எட்டு தருவேன். இல்லாவிட்டால் அநாமதேய வாசிப்புக்கு நான்குதான். எழுதுவதற்கு மட்டும் என் களஞ்சியத்தில் இன்றும் எஸ்.எஸ்.எச். தவிர வேறு வழி வைக்கவில்லை.

இனி எச்.டி.டி.பி.எஸ். வயர்ஷார்க்கில் இதைப் பார்த்தபோது அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சர்வரின் பெயர் மட்டும் தொடக்கத்தில் தெரிகிறது. எந்தக் களஞ்சியம், எந்தக் கிளை, ஒன்றும் தெரியவில்லை. 'நாசமாப்போச்சு' கிளையின் மானம் காப்பாற்றப்பட்டது. எவ்வளவு தரவு போனது, எப்போது போனது என்பது மட்டும் நடுவில் இருப்பவருக்குத் தெரியும். போர்ட் 443 என்பதால் கல்லூரி ஃபயர்வால்களும் விடுகின்றன. எஸ்.எஸ்.எச்-சின் 22-ஐயும் 'கிட்' நெறிமுறையின் 9418-ஐயும் அடைத்து வைத்திருக்கும் ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன். கிட் 1.6.6 பதிப்பில் வந்த 'ஸ்மார்ட்' முறைக்குப் பிறகு வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் மீரா இனிமை என்று ஒரு தமிழ் எழுத்துரு செய்திருக்கிறார்கள். மலையாளிகள் உட்கார்ந்து தமிழுக்குச் செய்த எழுத்துரு என்பதில் எல்லைக்காரனான எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அதன் மூலத்தை, கிட்ஹப் மாதிரியான கிட்லாப் தளத்திலிருந்து, கணக்கு, கீ ஒன்றும் இல்லாமல் அவள் இறக்கியபோது நான் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை, வேலை முடிந்துவிட்டது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. கிட்ஹப்பில் களஞ்சியத்தின் பெயரை ஒரு எழுத்து தப்பாக அடித்துப் பாருங்கள். 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லாது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அது உள்ளே பூட்டி வைத்த களஞ்சியமா இல்லாத களஞ்சியமா என்று வெளியாளுக்குச் சொல்லக்கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் பழகாத பிள்ளை என்ன செய்யும்? கேட்டதே என்று தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தட்டும். 2021 ஆகஸ்ட் 13-க்குப் பிறகு கிட்ஹப் இந்த இடத்தில் கடவுச்சொல்லை ஏற்பதும் இல்லை. கணக்கு இல்லாமல் எடுக்கும்போது பெயர் கேட்டால், எங்கோ எழுத்துப்பிழை என்று பின் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கிட் இப்படிக் கேட்பதையே நிறுத்தும் 'டெர்மினல் ப்ராம்ப்ட்' என்ற சூழல் மாறியும் இருக்கிறது. அதைப் பூஜ்யமாக வைத்தால் கேட்காமல் தோற்று நிற்கும். எனக்கு அதுதான் பிடித்தம்.

சர்வர் வைத்திருப்பவனுக்குச் செலவு சான்றிதழில் இருந்தது ஒரு காலம். இப்போது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கிறது. தொண்ணூறு நாளில் காலாவதி, தானாகப் புதுப்பிக்க வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதைச் சரியாக வைக்காமல் ஒரு முறை பொள்ளாச்சிக்காரர் போன் போட்டு, "ஏனுங்க, உங்க கடையில பூட்டு துருப்பிடிச்சிருச்சாட்ட இருக்குது" என்றார். பூட்டு வேண்டாமென்று தள்ளிவிட்டு எடுக்காமல் என்னைக் கூப்பிட்டாரே, அந்த மனிதருக்குத்தான் முழு மதிப்பெண். கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில இடங்களில் கணினிகளில் தங்கள் சொந்த மூலச் சான்றிதழைப் போட்டுவைத்து, எச்.டி.டி.பி.எஸ்-ஸையும் நடுவில் திறந்து பார்ப்பார்கள். அங்கே பூட்டு இருக்கும், ஆனால் சாவி அவர்களிடமும் இருக்கும். பத்துக்கு ஒன்பது.

முகத்தையும் மறைக்க வேண்டும் என்பவர்களுக்கு, கிட்டை, ஐ.பி. எண்ணை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக அனுப்பலாம். ப்ராக்ஸி அமைப்பில் 'சாக்ஸ்5' என்று போடாமல் 'சாக்ஸ்5எச்' என்று போடுங்கள். அந்த ஒரு 'எச்' இல்லாவிட்டால், எந்த சர்வருக்குப் போகிறீர்கள் என்ற பெயர்த் தேடல் டோருக்கு வெளியே உங்கள் இணைய நிறுவனத்திடமே போய்விடும். எழுத்துரு மாற்றும் நிரலை எடுக்க இவ்வளவு தேவையில்லை.

கம்பியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், ஆனால் சர்வரிலேயே கை வைத்தால் நான்கு நெறிமுறையும் கைவிரித்துவிடும். 2003 நவம்பரில் லினக்ஸின் மையமான கர்னலுக்கு அப்படி ஒன்று நடந்தது. அப்போது மூலக் கோடு பிட்கீப்பர் என்ற கருவியில் இருந்தது. சி.வி.எஸ்-ஸில் ஒரு நகல் தானாக உருவாகிக்கொண்டிருந்தது. அந்த நகலில் யாரோ இரண்டு வரி சேர்த்துவிட்டார்கள். பயனர் எண் பூஜ்யமா என்று சோதிப்பதுபோல் தோன்றும். ஆனால் இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். சோதனைக்குப் பதிலாகப் பயனர் எண்ணையே பூஜ்யமாக்கிவிடும், அதாவது யாரும் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனர் ஆகலாம். மூலத்தோடு நகல் ஒத்துப்போகவில்லை என்பதால்தான் பிடிபட்டது. இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பின் அறையில் எல்லோரும் கொஞ்ச நேரம் அந்தச் சமக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் கையொப்பமிட்ட டேக் இருக்கும் திட்டங்களில் 'வெரிஃபை டேக்' ஒரு தடவையாவது ஓட்டுகிறோம். எல்லாத் திட்டங்களிலும் கையொப்பம் இல்லை என்பது வருத்தம்தான். என்னுடையதிலும் போன மாதம்தான் போடத் தொடங்கினேன்.

நெட்டே சரியில்லாத இடத்துக்கு ஐந்தாவதாக ஒரு வழி உண்டு, 'கிட் பண்டில்'. முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி பென்டிரைவில் கொடுத்துவிடலாம். கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து வர வேண்டும். கரண்ட் போய் வரும் நாட்களில் அது பெரிய எரிச்சல். அதற்கு இது நல்ல மாற்று.

கடைசியாக நம்ம மாஷ் கதை. பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், மலையாளி, தமிழ் அழகாகப் பேசுவார். கேரளப் பள்ளிகளில் 'கைட்' என்ற அரசு நிறுவனம் கொடுக்கும் லினக்ஸ்தான் ஓடுகிறது என்பதால் அவருக்குக் கிட், டெர்மினல் எல்லாம் பழக்கம். தன் சொந்த மேசைக் கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேட்டா, நெட்டினு ஒரு கொழப்பவும் இல்லா. ஆனா எங்க போனாலும் சான்றிதழ் சரியில்லேன்னு சொல்லுது. அதனால இதைப் போட்டேன்" என்று ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். கிட்டின் சான்றிதழ் சோதனையை மொத்தமாக அணைக்கும் வரி. அதுவும் 'குளோபல்' என்று போட்டு. அதாவது அந்த இயந்திரத்தில் கிட் எங்கே போனாலும் எதிரே இருப்பது யார் என்று இனி கேட்காது. எச்.டி.டி.பி.எஸ்-ஸின் ஒன்பது மதிப்பெண்ணையும் ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிட்டார்.

முதலில் நான் சந்தேகப்பட்டது 2021 செப்டம்பர் 30-ஐ. அன்று லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, புதுப்பிக்காத பழைய லினக்ஸ் இயந்திரங்கள் பல ஒழுங்கான சர்வர்களையும் நம்ப மறுத்தன. சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பித்தால் தீரும். ஆனால் மாஷின் இயந்திரத்தில் எல்லாம் புதிது. அப்புறம் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி 2012 ஜனவரி 1.

மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் ஓடிவிடும். 2012-இல் நிற்கும் இயந்திரத்துக்கு இந்த வருடத்துச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. முன் அறை அலமாரியிலிருந்து சி.ஆர். 2032 ஒன்றை எடுத்துப் போட்டு, தேதியைச் சரிசெய்து, அந்தக் குளோபல் வரியை நீக்கிவிட்டு மறுபடி குளோன் போட்டோம். வந்துவிட்டது. பேட்டரிக்கு நாற்பது ரூபாய் வாங்கினேன். சர்வீஸ் சார்ஜ் கேட்கவில்லை, ஆனால் அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.